பழைய லேப்டாப், இரண்டு ஓஎஸ், ஹைபர்நேட்: டிஸ்க்கைப் பிரிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய லேப்டாப்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் லேப்டாப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, தூக்கிப் போட மனசு வராது. அதனால் பலரும் இருக்கிற விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் இது புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் தந்த இயந்திரங்களில் விண்டோஸ் 7-ம், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன.

இரண்டு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போடுவது என்று முடிவெடுத்ததும் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஹைபர்நேட்டுக்கு, அதாவது செய்துகொண்டிருந்த வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு லேப்டாப்பை அணைப்பதற்கு, தனி பார்ட்டிஷன் வேண்டும் என்பார் ஒருவர். ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் ஸ்வாப், ரேமைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டு ஓஎஸ் இருந்தால் ஹைபர்நேட் பக்கமே போகாதே என்பார் மூன்றாமவர். இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. முதல் இரண்டும் ஒரு காலத்தில் சரியாக இருந்து, இப்போது பொருந்தாமல் போனவை. மூன்றாவது, காரணம் சொல்லாமல் பயம் மட்டும் காட்டுவது. பேச்செல்லாம் எத்தனை ஜிபி என்பதைச் சுற்றியே போகிறது. ஆனால் ஃபைல்கள் கெட்டுப்போவது அளவு தப்பியதால் அல்ல. ஒரு ஓஎஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது திறந்து வைத்திருக்கும் பார்ட்டிஷனில் இன்னொரு ஓஎஸ் எழுதுவதால்தான். இதைப் புரிந்துகொண்டு பிரித்தால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

ஒரே கடை, இரண்டு வியாபாரம்

ஒரே கடையைக் காலையில் இட்லிக் கடைக்காரரும் மாலையில் பஜ்ஜிக் கடைக்காரரும் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நேரத்தில் கடையில் இருப்பதில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் இல்லை. ஆளுக்கொரு அலமாரி, நடுவில் பொதுவாக ஒரு பரண். இட்லிக் கடைக்காரர் ஒருநாள் பாதி வேலையில் கிளம்ப வேண்டிவருகிறது. எது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் வந்து பரணைத் திரும்பிப் பார்க்காமல், நோட்டில் உள்ளதை மட்டும் நம்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். நடுவில் மாலைக் கடைக்காரர் பரணில் இருந்ததை எடுத்து இடம் மாற்றியிருந்தால் என்ன ஆகும்? உளுந்து இருந்த இடத்தில் கடலை மாவு இருக்கும். அதை உளுந்து என்றே எடுத்து ஊறப்போடுவார்.

கடைதான் ஹார்ட் டிஸ்க். அலமாரிகளும் பரணும் பார்ட்டிஷன்கள், அதாவது ஒரே டிஸ்க்கில் எல்லை போட்டுப் பிரித்த பகுதிகள். வியாபாரிகள் இருவரும் இரண்டு ஓஎஸ். அந்த நோட்டுதான் ஹைபர்நேட்.

நாலே வரி உள்ள ஒரு பட்டியல்

எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் டிஸ்க்கிலேயே ஒரு பட்டியலாக இருக்கிறது. அதற்குப் பார்ட்டிஷன் டேபிள் என்று பெயர். பழைய லேப்டாப்களில் இருப்பது எம்பிஆர் என்ற வகை. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் பிசிக்காக வந்த ஏற்பாடு இது. டிஸ்க்கின் முதல் செக்டாரில், அதாவது முதல் 512 பைட்டில், எல்லாம் அடக்கம். அதில் 446 பைட் கணினியை ஸ்டார்ட் செய்யும் சின்னஞ்சிறு நிரல். 64 பைட் பட்டியல். கடைசி 2 பைட், இது செல்லுபடியாகும் என்று சொல்லும் முத்திரை. ஒரு பார்ட்டிஷனைப் பற்றி எழுத 16 பைட் வேண்டும். 64-ஐ 16-ஆல் வகுத்தால் நான்கு. எம்பிஆர் டிஸ்க்கில் நான்கு பார்ட்டிஷன்தான் என்ற கட்டுப்பாடு இங்கிருந்துதான் வருகிறது.

நான்கு போதாது என்று பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் என்று அறிவித்துவிட்டால், அதற்குள் லாஜிக்கல் என்ற பெயரில் இன்னும் பல பார்ட்டிஷன் போட்டுக்கொள்ளலாம். நேரடியாகப் பட்டியலில் ஏறுபவை பிரைமரி. லினக்ஸ் இவற்றுக்கு எண் கொடுக்கும்போது முதல் நான்கு எண்களை பிரைமரிக்கும் எக்ஸ்டெண்டட்டுக்கும் ஒதுக்கிவிட்டு, லாஜிக்கல் பார்ட்டிஷனை எப்போதும் 5-லிருந்து தொடங்கும். 3, 4 எங்கே காணோம் என்று குழம்ப வேண்டாம். லினக்ஸ் லாஜிக்கல் பார்ட்டிஷனிலிருந்து நிம்மதியாக பூட் ஆகும், ஸ்வாப்பும் அங்கேயே இருக்கலாம்.

ஒரு பொறியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய லேப்டாப்கள் சில, கம்பெனியிலிருந்து வரும்போதே நான்கு பிரைமரியையும் நிரப்பிக்கொண்டு வந்தன: விண்டோஸின் சின்ன பூட் பார்ட்டிஷன், சி டிரைவ், ரெகவரி, கம்பெனியின் கருவிகளுக்கு ஒன்று. அதில் போய் சி டிரைவைச் சுருக்கி இடம் எடுத்தால், அந்த இடத்தை லினக்ஸ் இன்ஸ்டாலர் பயன்படுத்த முடியாத இடம் என்றுதான் காட்டும். பட்டியலில் ஐந்தாவது வரி எழுத இடமில்லை, அவ்வளவுதான். சரி, விண்டோஸிலேயே ஒரு பார்ட்டிஷன் போட்டுப் பார்ப்போம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் முயன்றால், டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று கேட்கும். தயவுசெய்து சம்மதம் கொடுக்காதீர்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் அதைச் சரியாகக் கையாளாது, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் பெரும்பாடு. அதற்குப் பதில் ரெகவரி பார்ட்டிஷனை வெளி டிஸ்க்கிலோ டிவிடியிலோ காப்பி எடுத்துவிட்டு, நான்கில் ஒன்றை நீக்கி, அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் போடுவதுதான் வழி.

2012-க்குப் பிறகு விண்டோஸ் 8 உடன் வந்த லேப்டாப் என்றால், அநேகமாக ஜிபிடி என்ற புதுவகைப் பட்டியல் இருக்கும். அதில் வழக்கமாக 128 வரிக்கு இடம் உண்டு, இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உங்களுடையது எது என்று பார்க்க, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் பக்கத்தைத் திறங்கள். பார்ட்டிஷன் ஸ்டைல் என்ற வரியில் இருக்கும்.

இதுவரை: பார்ட்டிஷன் என்பது பட்டியலில் எழுதிய ஓர் எல்லை. எம்பிஆரில் நான்கு வரி. மேலே வேண்டுமானால் அதில் ஒன்று எக்ஸ்டெண்டட்.

ஸ்லீப் வேறு, ஹைபர்நேட் வேறு

ஸ்லீப்பில் ரேமுக்கு மட்டும் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். உடனே எழும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் ரேமில் இருந்தது போய்விடும். பழைய லேப்டாப்பின் தேய்ந்துபோன பேட்டரி ஒரு ராத்திரி தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஹைபர்நேட்டில் ரேமில் உள்ளதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு, லேப்டாப் முழுசாக அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் பரவாயில்லை. மறுபடி பவர் பட்டனை அழுத்தினால் எழுதியதை ரேமுக்குத் திரும்ப ஏற்றி, திறந்திருந்த ஃபைல், பாதி தட்டிய வரி எல்லாவற்றோடும் அப்படியே தொடரும். பேட்டரி பலவீனமான லேப்டாப்புக்கு இதைவிட உதவியான வசதி இல்லை என்பது என் கருத்து. இரண்டு ஓஎஸ் இருப்பதால் மட்டும் அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

ரேமில் என்னென்ன இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். நீங்கள் திறந்த ஃபைல்கள் மட்டும் அல்ல. ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்று ஓஎஸ் நினைவில் வைத்திருக்கும் கணக்கும் அங்கேதான். ஹைபர்நேட் ஆகும்போது அந்தக் கணக்கும் உறைந்துவிடுகிறது. எழும்போது ஓஎஸ் டிஸ்க்கைப் புதிதாகப் படித்துப் பார்ப்பதில்லை, தன் கணக்கையே நம்புகிறது. இட்லிக் கடைக்காரரின் நோட்டு என்றது இதைத்தான்.

எழுதியது எங்கே போய் உட்காருகிறது?

தனி பார்ட்டிஷன் வேண்டும் என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. 1990-களின் லேப்டாப்களில் ஹைபர்நேட் செய்தது ஓஎஸ் அல்ல, பயாஸ். பயாஸ் என்பது கணினியை எழுப்பும் அடிப்படை நிரல், போர்டிலேயே இருப்பது. அதற்கு விண்டோஸின் ஃபைல்களையோ லினக்ஸின் ஃபைல்களையோ படிக்கும் திறமை போதாது. அதனால் டிஸ்க்கில் தனக்கென ஒரு பார்ட்டிஷன் கேட்டது. ஃபீனிக்ஸ் பயாஸ் இருந்த பல லேப்டாப்களில் இதற்கென்றே பிஎச்டிஸ்க் (PHDISK) என்ற கருவியை ஓட்டி, ரேமையும் வீடியோ நினைவகத்தையும் கூட்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பார்ட்டிஷன் போட வேண்டியிருந்தது. லினக்ஸ் மட்டும் போட்டவர்களும் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பிரித்தார்கள். பிறகு ஏசிபிஐ என்ற பொது முறை வந்து, தூங்குவது, எழுவது எல்லாம் ஓஎஸின் பொறுப்பாகிவிட்டது. நீங்கள் கையில் வைத்திருப்பது 2000-களின் நடுவிலோ அதற்குப் பிறகோ வந்த லேப்டாப் என்றால், இந்தப் பார்ட்டிஷனை மறந்துவிடலாம்.

விண்டோஸ் இப்போது சி டிரைவின் மேல்மட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபைலில் எழுதுகிறது. பெயர் ஹைபர்ஃபில். நோட்டு அதன் சொந்த அலமாரிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று நீங்கள் எதையும் பிரித்துவைக்க வேண்டியதில்லை, சி டிரைவில் சில ஜிபி காலியாக இருந்தால் போதும்.

லினக்ஸ் தன் ஸ்வாப்பில் எழுதுகிறது. ஸ்வாப் என்பது ரேம் நிரம்பும்போது வழிவதைத் தற்காலிகமாக வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம். அது தனி பார்ட்டிஷனாகவும் இருக்கலாம், ஒரு ஃபைலாகவும் இருக்கலாம். உபுண்டு 17.04-லிருந்து இன்ஸ்டாலர் ஒன்றும் கேட்காமல் ஸ்வாப் ஃபைல்தான் போடும். அது அன்றாடத்துக்குப் போதும், ஆனால் ரேம் முழுவதையும் தாங்கும் அளவு இருப்பதில்லை. அதோடு, ஃபைலிலிருந்து எழ வேண்டுமானால் அந்த ஃபைல் டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். புதியவர்களுக்கு ஸ்வாப் பார்ட்டிஷன்தான் சுலபம். லினக்ஸ் விஷயத்தில் மட்டும், ஹைபர்நேட்டுக்கு ஒரு பார்ட்டிஷன் என்ற பழைய பேச்சு இன்னும் ஒருவகையில் செல்லும்.

எவ்வளவு பெரிது? இரண்டு மடங்கு என்ற விதி, ரேமே சில பத்து எம்பி இருந்த காலத்தில் பிறந்தது. ஹைபர்நேட்டுக்கு ரேமின் அளவும் அதற்கு மேல் ஒரு ஜிபியும் இருந்தால் நிம்மதி. லினக்ஸ் எழுதுவதற்கு முன் தேவையில்லாததைக் கழித்துவிட்டு, மீதியைச் சுருக்கித்தான் எழுதும். ஆனால் ஸ்வாப்பில் ஏற்கெனவே கொஞ்சம் வழிந்திருந்தால் அதற்கும் இடம் வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கூடுதல் ஜிபி. 4 ஜிபி ரேமுக்கு 5 ஜிபி ஸ்வாப் போடுங்கள். இடம் போதாவிட்டால் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஹைபர்நேட் ஆகாமல் திரும்ப டெஸ்க்டாப்பிலேயே வந்து நிற்கும்.

ஷட் டவுன் செய்தும் முழுசாக அணையாத விண்டோஸ்

நான் ஹைபர்நேட்டே செய்வதில்லை, எனக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது, பல லேப்டாப்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது இயங்கும்போது நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால், உங்கள் புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸ் தன் உள்பகுதியை ஹைபர்நேட் செய்துகொள்ளும். பார்ட்டிஷன்களைப் பற்றிய கணக்கு அந்த உள்பகுதியில்தான் இருக்கிறது. அதாவது விண்டோஸ் அணைந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது நோட்டு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் நிஜமாகவே முழுசாக மூடித் திறக்கும்.

இந்த நிலையில் லினக்ஸில் போய், இரண்டு ஓஎஸும் பொதுவாகப் பயன்படுத்தும் டி டிரைவைத் திறந்தால், படிக்கலாம், எழுத முடியாது என்று வரும். சில சமயம் திறக்கவே மறுக்கும். டிஸ்க் போய்விட்டது, லினக்ஸ் சரியில்லை என்று அவசரப்பட வேண்டாம். உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றத்தான் அது கதவைச் சாத்துகிறது.

இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவர்கள் முதல் நாளே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதன் இடது பக்கம் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு, அங்கே கீழே அந்த டிக் இருக்கும். மங்கலாகத் தெரிந்தால், மேலே உள்ள அமைப்பை மாற்றும் வரியை ஒருமுறை அழுத்திவிட்டு எடுங்கள். இதை நிறுத்தினாலும் ஹைபர்நேட் தனியாக அப்படியே இருக்கும்.

பரணில்தான் ஆபத்து

ஆளுக்கொரு அலமாரியில் பிரச்சினை வருவதில்லை. லினக்ஸின் பார்ட்டிஷனை விண்டோஸ் தொடாது, அதற்கு அந்த வகையைப் படிக்கவே தெரியாது. ஆபத்து பொதுவான டி டிரைவில் இருக்கிறது. போட்டோ, பாட்டு, ஆவணங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். போனால் திரும்ப வராதவை அவைதான்.

விண்டோஸ் ஹைபர்நேட் ஆகியிருந்தால், டிரைவ் முழுசாக மூடப்படவில்லை என்ற அடையாளத்தைப் பார்த்து லினக்ஸ் மேலே சொன்னபடி ஒதுங்கிக்கொள்ளும். மறுபக்கம் அப்படி இல்லை. லினக்ஸ் டி டிரைவைத் திறந்து வைத்தபடி ஹைபர்நேட் ஆகிறது. பூட் மெனுவில் யாரோ விண்டோஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லினக்ஸ் தூங்குகிறது என்று விண்டோஸுக்குத் தெரிய வழியே இல்லை. அது டி டிரைவைத் தானாகத் திறந்து, எழுதும், அழிக்கும். பிறகு லினக்ஸ் எழுந்து, பழைய கணக்கைப் பார்த்துக் காலி என்று நினைத்த இடத்தில் தன் ஃபைலை எழுதும். அங்கே இப்போது உங்கள் புதிய போட்டோ இருக்கிறது. எந்த எச்சரிக்கையும் வராது. பல நாள் கழித்து ஒரு படத்தைத் திறக்கும்போதுதான் பாதி சாம்பல் நிறமாகத் தெரியும்.

தூங்கவைத்த ஓஎஸுக்கே திரும்பிப் போவது என்று பழகிக்கொண்டால் இது வராது. ஓஎஸ் மாற வேண்டுமென்றால் ஹைபர்நேட் வேண்டாம், முழு ஷட் டவுன். வீட்டில் லேப்டாப்பைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். அதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டுமானால், லினக்ஸ் பூட் ஆனதும் டி டிரைவைத் தானாகத் திறக்காதபடி அமைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்து, ஹைபர்நேட்டுக்கு முன் அன்மவுன்ட் செய்துவிடுங்கள், அதாவது லினக்ஸிலிருந்து அதை முறைப்படி மூடிவிடுங்கள். நோட்டில் பரணைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், யார் எதை மாற்றினாலும் குழப்பம் இல்லை.

இதுவரை: நோட்டு எங்கே இருக்கிறது என்பது விண்டோஸுக்கு ஃபைல், லினக்ஸுக்கு ஸ்வாப். கெடுவது நோட்டு இருக்கும் இடம் அல்ல, இரண்டும் திறக்கும் பொது இடம்.

320 ஜிபி டிஸ்க்கை நான் எப்படிப் பிரிப்பேன்

2011 வாக்கில் வந்த லேப்டாப், 4 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க், எம்பிஆர் என்று எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் இதை 298 ஜிபி என்று காட்டும், எதுவும் காணாமல் போகவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

முதலில் விண்டோஸின் 100 எம்பி பூட் பார்ட்டிஷன், பிரைமரி. அடுத்து சி டிரைவ் 100 ஜிபி, அதுவும் பிரைமரி. மீதி முழுவதும் ஒரே எக்ஸ்டெண்டட். அதற்குள் ஸ்வாப் 5 ஜிபி, லினக்ஸுக்கு 40 ஜிபி, மிச்சமுள்ள சுமார் 150 ஜிபி பொதுவான டி டிரைவ், இரண்டு ஓஎஸும் படித்து எழுதக்கூடிய என்டிஎஃப்எஸ் வகையில். மேலே ஒரு பிரைமரி வரி காலியாக மிச்சமிருக்கும், பின்னால் தேவைப்படலாம். ஸ்வாப்பை எக்ஸ்டெண்டட்டின் முதலிலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. சுழலும் டிஸ்க்கில் தொடக்கப் பகுதி தட்டின் வெளி விளிம்பில் இருக்கும், அங்கே எழுதும் வேகம் உள் விளிம்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஹைபர்நேட் என்பது ஒரே மூச்சில் சில ஜிபி எழுதும் வேலை, பழைய டிஸ்க்கில் அதுவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகலாம்.

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. விண்டோஸை இன்ஸ்டால் செய்யும்போது அந்த 446 பைட் நிரலைக் கேட்காமலே தன்னுடையதாக மாற்றிவிடும். லினக்ஸின் கிரப் என்ற பூட் மெனு அப்படி இல்லாமல் விண்டோஸுக்கும் ஒரு வரி கொடுக்கும்.

இரண்டாவதாக இன்னொரு லினக்ஸும் போடுகிறீர்களா? இரண்டையும் ஹைபர்நேட் செய்ய நினைத்தால் ஆளுக்கொரு ஸ்வாப் கொடுங்கள். ஒன்றே போதும் என்றால், இரண்டாவதை இன்ஸ்டால் செய்யும்போது அந்த ஸ்வாப்பைப் புதிதாக ஃபார்மட் செய்ய விடாதீர்கள். ஃபார்மட் ஆனால் அதன் அடையாள எண் மாறிவிடும். முதல் லினக்ஸ் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் கறுப்புத் திரையில் நிற்கும்.

சி டிரைவைச் சுருக்கும்போது

முதலில் பேக்கப், வெளி டிஸ்க்கில். சுருக்கும் நேரத்தில் கரன்ட் போனால், பலவீனமான பேட்டரி காப்பாற்றாது.

சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைக் கொண்டே சுருக்குங்கள். பாதி டிரைவ் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று காட்டினால், நகர்த்த முடியாத ஏதோ ஒரு ஃபைல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஹைபர்ஃபில், அல்லது விண்டோஸ் ஸ்வாப்பைப் போலப் பயன்படுத்தும் பேஜ் ஃபைல், அல்லது ரீஸ்டோர் பாயின்ட்கள். ஹைபர்நேட்டைத் தற்காலிகமாக நிறுத்தினால் ஹைபர்ஃபில் தானாகவே நீங்கிவிடும். சுருக்கிய பிறகு மறுபடி இயக்கிக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் அதேபோல நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு சுருக்கலாம்.

லினக்ஸ் போட்டதும், முக்கியமான வேலையை நம்பி ஒப்படைப்பதற்கு முன், ஒரு வெற்று ஃபைலைத் திறந்து ஏதாவது தட்டிவைத்து ஹைபர்நேட் செய்து பாருங்கள். உபுண்டுவில் மெனுவில் ஹைபர்நேட் தெரியாது, தனியாக இயக்க வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) இயங்கும் லேப்டாப் என்றால் பல லினக்ஸ்களில் கர்னலே ஹைபர்நேட்டைத் தடுக்கும். பழைய பயாஸ் லேப்டாப்களில் அந்தத் தடை இல்லை.

விண்டோஸ் தூங்கும்போது அவசரமாக ஒரு ஃபைல் வேண்டுமென்றால்

விண்டோஸை ஹைபர்நேட் செய்துவிட்டு லினக்ஸுக்கு வந்துவிட்டீர்கள், டி டிரைவில் ஒரு ஃபைல் உடனே தேவை. படிக்க மட்டும் திறந்து, ஃபைலை லினக்ஸ் பக்கம் காப்பி செய்து, அங்கேயே திருத்துங்கள். எழுதும் உரிமையோடுதான் வேண்டும் என்று இணையத்தில் தேடினால், ஹைபர்ஃபிலை நீக்கிவிட்டுத் திறக்கும் ஒரு கட்டளை கிடைக்கும். அது வேலை செய்யும், ஆனால் விண்டோஸில் நீங்கள் சேமிக்காமல் விட்டிருந்த அத்தனையும் அதோடு போய்விடும். விண்டோஸுக்கே திரும்பிப் போய், எழுப்பி, முழுசாக ஷட் டவுன் செய்துவிட்டு வர சில நிமிடம்தான் ஆகும்.